காட்டுத்துளசியைக் காயப்போட்ட கதை

விஜயநகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நல்லவள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் லீவு நாள் வந்தால் போதும், புதினாவையும் கறிவேப்பிலையையும் கழுவி, பழைய வேட்டியில் பரப்பி, காரின் பானட் மேல் காயப்போட்டுவிடுவாள். மேலே உச்சி வெயில், கீழே கொதிக்கும் தகரம். "நிழல்ல போடேம்மா, வாசனை எல்லாம் போயிடும்" என்றால், "வெயில்ல போட்டா சீக்கிரம் காயும் ஆன்ட்டி" என்று சிரிப்பாள். சாயங்காலம் அதை அள்ளும்போது சருகு சலசலக்கும். முகர்ந்து பார்த்தால் வைக்கோல். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுவது உப்பால் என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இலையை வெயிலில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஏன் இப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது என்று என் பிள்ளைகளுக்கே தெரியாது. அது என் முதல் வேலையோடு போன விஷயம்.

நாடு குடியரசான புதிது. நான் மைசூரில் ரசாயனம் படித்து பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். அப்பா மேலுகோட்டையில். பெண் படித்தாயிற்று, ஊருக்குத் திரும்பி வரட்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அத்திம்பேர்தான் குறுக்கே விழுந்து காப்பாற்றினார். அத்திம்பேர் என்றால் என் அத்தையின் கணவர். அவர்கள் வீட்டில் தங்கித்தான் நான் கல்லூரிக்குப் போனேன். சந்தனக் கட்டைக் கிடங்கில் ஆயுள் முழுக்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்ததை எல்லாம் போட்டு, வீட்டுக் கொல்லையில் ஒரு ஷெட் கட்டி, செம்பில், தைலம் வடிக்கிற பெரிய வாலை ஒன்று அடித்து வைத்தார். அடியில் தண்ணீர் கொதிக்கும். நடுவில் தட்டில் இலை இருக்கும். ஆவி இலைக்குள் புகுந்து எண்ணெயைத் தூக்கிக்கொண்டு குழாய் வழியே போய்க் குளிர்ந்து சொட்டும். சொட்டிய தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கும். அதை எடுத்து பம்பாய் வாசனைத் தைல வியாபாரிக்கு விற்பது திட்டம்.

"கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு ஆத்துலேயே இருக்கறச்சே நான் வெளியில ஆளைத் தேடுவேனா? இங்கேயே இருக்கட்டும்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. வாலை ஓடுகிற வரைக்கும் நான் மைசூரில் இருக்கலாம். அது நின்றால் மறுநாளே மேலுகோட்டை பஸ் ஏற வேண்டும். ஆக, அந்தச் செம்புப் பாத்திரம் அடுப்பில் இருக்கிறவரைதான் எனக்கு வேலை, சம்பளம், எனக்கென்று ஒரு மேஜை, மைசூர் எல்லாம். அத்திம்பேருக்கு நான் இதற்காக இன்றைக்கும் நன்றி சொல்வேன். நன்றி வேறு, வயிற்றெரிச்சல் வேறு.

காய்ச்ச எடுத்துக்கொண்டது காட்டுத்துளசி. கௌதள்ளிப் பக்கத்துக் குன்றுகளில் முட்புதருக்கு நடுவில் தானாக மண்டிக் கிடக்கும். கசக்கினால் எலுமிச்சையும் கற்பூரமும் சேர்ந்த வாசனை மூக்கில் ஏறும். அங்கே தமிழ் பேசுகிற ஒரு அம்மாள், தன் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அறுத்து, கட்டாகக் கட்டி, கொள்ளேகால் வந்து, பஸ் கூரையில் போட்டு எங்களிடம் கொண்டுவருவாள். நெடுநெடுவென்று உயரம், வெற்றிலைச் சிவப்பு வாய், கணீரென்ற குரல். கொல்லைக் கதவுக்கு வெளியிலேயே நின்று, "சாமி, தொளசி வந்திருச்சுங்" என்பாள். கட்டுகளை அங்கேயே போட்டுவிட்டுப் போவாள். அவள் போன பிறகு, ஒரு கூலியாள் அவற்றை வெளிப்படி வழியாக மொட்டை மாடிக்கு ஏற்றுவான். அங்கே தொடங்கும் அநியாயம்.

மாடியில் மைசூர் வெயிலில், செங்கல் தளத்தில் பாய் விரித்து, சருகாகிற வரை காய்ச்சல். கையில் எடுத்தால் பொடியாக வேண்டும். அப்போதுதான் அத்திம்பேர் "பேஷ்" என்பார். அந்தப் பொடியை வாலையில் போட்டால் எண்ணெய் எங்கிருந்து வரும்? தண்ணீர் மேல் பெயருக்கு ஒரு படலம். அதற்கும் பச்சை வாசனை இல்லை. பழைய மருந்துப் பெட்டி வாசனை. பம்பாய் வியாபாரி முதல் பாட்டிலைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவதையும் அனுப்பினார். சரக்கு இப்படியே இருந்தால் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நான் அத்திம்பேரிடம் படித்ததை எல்லாம் கொட்டினேன். "சந்தனத்துல எண்ணெய் மரத்தோட வயிரத்துக்குள்ள இருக்கு அத்திம்பேர். வருஷக்கணக்கா காஞ்சாலும் உள்ளேயே இருக்கும். துளசிக்கு அப்படி இல்லை. இலை மேல ரொம்பச் சின்னச் சின்னப் பை, அதுலதான் எண்ணெய். வெயில் பட்டா பை வெடிச்சுப் பறந்துடும். முதல்ல லேசான வாசனை போகும், அந்த எலுமிச்சை. கனமானது மட்டும் அடியில தங்கும். அதான் மருந்து நாத்தம்."

"ஹௌதா!" என்பார், அப்படியா என்று கன்னடத்தில், ரொம்ப ஆச்சரியமாக. "அப்போ பச்சையா அப்படியே போட்டுடலாம்கறயா?"

"அப்படியேயும் வேண்டாம். ரொம்பப் பச்சைன்னா பாதி இடத்தைத் தண்ணியே அடைச்சுக்கும். நிழல்ல, காத்தாட, மெல்லிசாப் பரப்பி வெச்சு, துவண்டவுடனே போடணும். கட்டாவே வெச்சாலும் உள்ளே புழுங்கி அழுகும்."

"சரிதான், சரிதான்" என்று தலையாட்டுவார். மறுநாள் விடிந்தால் இலை மாடியில் வெயிலில்.

எருமை மாட்டின் மேல் மழை பெய்தது என்பார்களே, அதுவாவது காதை ஆட்டும். ஒருநாள் ஒரு கட்டைப் பிரித்து, பாதியை வெளிப்படிக்கு அடியில் நிழலிலும் பாதியை மாடியிலும் காயவைத்து, இரண்டையும் மூடி போட்ட பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோய் அவர் மூக்கடியில் நீட்டினேன். நிழல் பாட்டிலைத் திறந்ததும் அவர் கண் விரிந்தது. "அடடா, இதுன்னா வாசனை! ஜீவன் இருக்கு" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று அத்தையிடம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் பார்த்தால் வந்திருந்த கட்டுகள் அத்தனையும் மாடியில்.

"சந்தனத்தோட குடித்தனம் நடத்தினவர்டீ அவர். மைசூர்க்காராளுக்கு வாசனைன்னா சந்தனம்தான். துளசியையும் அதே தராசுலதான் நிறுப்பார்" என்றாள் அத்தை. நானும் அதைத்தான் நம்பினேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற பிடிவாதம், சந்தனக்கட்டைப் பிடிவாதம். இன்னும் நன்றாக விளக்கினால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். கரடியாய்க் கத்தினேன். படம் போட்டுக் காட்டினேன். கல்லூரிக்குப் போய் லென்ஸ் கடன் வாங்கிவந்து இலை மேல் இருக்கும் எண்ணெய்ப் பைகளைக் கண்ணாலேயே பார்க்க வைத்தேன். ரசித்துப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இலை மாடியை விட்டு இறங்கவில்லை.

உண்மை ஒரு மழையால் வெளியில் வந்தது. அன்று மத்தியானம் சாமுண்டி மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இலை பரப்பி அரை நாள்தான் ஆகியிருந்தது, இன்னும் துவண்டுகூட முடியவில்லை. நான் மாடிக்கு ஓடி, பாயோடு சுருட்டி, அணைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கி ஷெட்டுக்குள் நுழையப் போனேன். அத்திம்பேர் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"ஈரத்தோட உள்ளே கொண்டுவராதே!"

"மழை வரது அத்திம்பேர்!"

"வரட்டும். நனையட்டும். காஞ்சப்பறம் கொண்டு வா."

"நனைஞ்சா வீணாப் போயிடும்! இவ்வளவு நாளா உங்களுக்கு என்ன சொல்லிண்டிருக்கேன் நான்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். அத்திம்பேர் கெட்டவர் இல்லை, அதுதான் இதில் பெரிய கஷ்டம். "யார் யார் கை பட்டதோ, நமக்கென்ன தெரியும்? காஞ்ச வஸ்துவுக்குத் தோஷம் கிடையாது. ஈரத்தோட வந்தா ஒட்டிண்டு வரும். உள்ளே பெருமாள் இருக்கார்."

ஷெட்டுக்குள் வாலைக்கு மேலே ஒரு பலகையில் பெருமாள் படம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் வடிகிற முதல் சொட்டை அவர் பாதத்தில் தடவிவிட்டுத்தான் பாட்டிலில் பிடிப்பார். பெருமாளுக்கு ஆகாததை விற்கவும் கூடாது என்பது அவர் நேமம். மேலுகோட்டையில் வடாமும் அப்பளமும் எந்தக் கடையில் வாங்கினாலும் குற்றமில்லை, தோசை மாவு வெளியில் வாங்கக் கூடாது என்று நானே கேட்டு வளர்ந்தவள்தான். காய்ந்ததற்குத் தீட்டில்லை, ஈரத்துக்கு உண்டு. எனக்குத் தெரியாத சாஸ்திரம் இல்லை. ஒரு வாலையைச் சுற்றி அது இப்படி உட்கார்ந்திருக்கும் என்றுதான் தெரியவில்லை.

மழை கொட்டியது. நான் இலையை அணைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வெளியிலேயே நின்றேன். அவர் உள்ளே நின்றார். "சந்தனம் சந்தனம்னு ஏன் இத்தனை நாள் கதை விட்டேள்?" என்று கேட்டேன்.

"நான் எங்கே சொன்னேன்? உங்கத்தைன்னா சொன்னா?" என்றார். அது நிஜம்தான். அவர் ஒரு நாளும் சந்தனம் என்று சொன்னதில்லை.

நான் விடவில்லை. "அடியில நெருப்பு எரியறது. அக்னிக்கு மேல சுத்தி உண்டா?"

"அக்னி அடியில இருக்கு. இலையைத் தொடறது தண்ணி. கொதிச்சாலும் தண்ணி தண்ணிதான்."

"பெருமாளுக்குத் துளசியைப் பச்சையாத்தானே சாத்தறோம்? வறுத்தா சாத்தறோம்?"

"நம்ம நந்தவனத்துல, ஸ்நானம் பண்ணிட்டு, நம்மவா கையால பறிக்கறது அது." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார். "நம்மவா கையால பறிச்சதுன்னா பச்சையாவே போடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை."

"சரி. நான் பறிக்கிறேன்" என்றேன். கோபத்தில் சொன்னேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மறு வாரம் அத்தையும் நானும் கொள்ளேகால் போய், பஸ் மாறி, கௌதள்ளியில் இறங்கினோம். ஒன்பது கஜப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை முட்புதருக்குள் நுழைந்த காட்சியைப் பார்க்க ஊரே வந்துவிட்டது. "கர்மம், கர்மம், பி.எஸ்ஸி. படிச்சது இதுக்குத்தானா?" என்று முனகிக்கொண்டே பறித்தாள். வழக்கமாக இலை கொண்டுவரும் அம்மாள் வேடிக்கை பார்க்கப் பொறுக்காமல், இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தாள்.

அத்தை பதறினாள். "வேண்டாம்மா, வேண்டாம். நீ தொடாதே. இது பூஜைக்கு."

அந்த அம்மாள் அப்படியே நின்றாள். "சரிங் தாயி" என்றாள். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, தள்ளிப் போய் ஒரு பாறை மேல் உட்கார்ந்தாள். நாங்கள் முள் கிழித்த கையோடு பொழுது சாயும்வரை பறித்தோம். அவளும் அவள் தெருப் பெண்களும் ஒரு நாழிகையில் பறித்துவிடக்கூடியதை நாங்கள் பகல் முழுக்கப் பறித்தோம். எனக்கு நிமிர்ந்து அந்தப் பாறையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கொண்டுவந்த இலையைக் கூடத்து நிழலில் மெல்லிசாகப் பரப்பினேன். காம்பு வளைந்து ஒடியாத பதம் வந்ததும் வாலையில் போட்டேன். கால் வாலைகூட நிரம்பவில்லை. ஆனால் எண்ணெய் வந்தது பாருங்கள்! வெளிர் மஞ்சளில், விளக்கொளிக்கு எதிரில் பிடித்தால் கண்ணாடி மாதிரி. வாசனை ஷெட்டைத் தாண்டி, கொல்லையைத் தாண்டிப் போயிற்று. தெருவில் போகிறவர்கள் நின்று, "ஏனு பரிமளா!", என்ன வாசனை, என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்திம்பேர் முதல் சொட்டைப் பெருமாள் பாதத்தில் தடவிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். திரும்பினபோது கண் கலங்கியிருந்தது. "நீ சொன்னதுதான் சத்தியம்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மாதிரி பம்பாய் போனது. வியாபாரி தந்தியே அடித்துவிட்டார். இதே எண்ணெய், எவ்வளவு இருந்தாலும் வேண்டும், மாதா மாதம் வேண்டும். அத்தை எனக்குத் திருஷ்டி கழித்தாள். நான் அப்பாவுக்கு, இனி என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று ரொம்ப மரியாதையாக எழுதிப் போட்டேன். அந்தத் தடவை கௌதள்ளி அம்மாளுக்குப் பதிலாக அவள் தெருப் பெண்கள்தான் இலை கொண்டுவந்தார்கள். அவர்களிடம் அவளுக்குச் சொல்லியனுப்பினேன். இனிமேல் இலையை அங்கேயே, கூரை நிழலில், மெல்லிசாகப் பரப்பித் துவளவிட்டு, தளரக் கட்டிக் கொண்டுவர வேண்டும் என்று. மழை நாளானாலும் பரவாயில்லை, நிதானமாகச் செய்து கொண்டுவரட்டும் என்றேன்.

அத்திம்பேரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாவகாசமாக, "பேடா, வேண்டாம். அவா எதுக்கு? நீயும் அத்தையும் போய்ப் பறிச்சுண்டு வாங்கோ" என்றார்.

"மாசாமாசம் வண்டி வண்டியாவா? நாங்க ரெண்டு பேருமா?"

"மேலுகோட்டைலேருந்து இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுக்கலாமே."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மேலுகோட்டை மாமிகள் கௌதள்ளி முள்ளுக்குள்! "அத்திம்பேர், நீங்களே மோந்து பாத்தேளே. நீங்களே சத்தியம்னு சொன்னேளே!"

"சத்தியம்தான். யார் இல்லேன்னா? ஈரமா இருந்தா வாசனை நிக்கறது, ஒத்துக்கறேன். ஈரமா இருந்தா மத்ததும் நிக்கும், அதை நீ ஒத்துக்கோ." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துளி கோபம் இல்லை. நான் படித்த ரசாயனம் முழுவதையும் எடுத்து எனக்கு எதிராகவே திருப்பிவிட்டார். நான் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன்.

கடைசியில் அவராக ஒரு ராஜி கண்டுபிடித்தார். கையிருப்பில் இருந்த இலையை முழுச் சருகாக்காமல், "கொஞ்சமே கொஞ்சம்" வெயில் காட்டினார். அவருடைய கொஞ்சம் மறுநாள் சாயங்காலம் வரை நீண்டது. வந்த எண்ணெயில் எலுமிச்சையும் இல்லை, ஜீவனும் இல்லை. அனுப்பாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று அனுப்பினார். பம்பாய்க்காரர் பாட்டிலைத் திருப்பி அனுப்பினார். மாதிரிக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்றா, இது என்ன வியாபாரம் என்று நாலு வார்த்தை சேர்த்து. அவர் கேட்டதில் என்ன தப்பு?

அத்திம்பேர் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "பெருமாள் திருவுள்ளம் அவ்வளவுதான், சாகு" என்றார். போதுமாம். வாலையைச் செம்பு விலைக்குப் பாத்திரக்காரருக்குப் பேசி முடித்தார். அப்பாவுக்கும் அவரே எழுதினார். பெருமாளுக்குத் திருவுள்ளம் இல்லை என்று அவரிடம் யார் வந்து சொன்னது? அந்த முதல் சொட்டைப் பாதத்தில் வாங்கிக்கொண்டபோது பெருமாள் முகத்தைச் சுளித்தாரா? கேட்டேன், இதையும் கேட்டேன். "பெரியவாளைப் பேசாதே" என்று அத்தை என் வாயைப் பொத்தினாள். அத்திம்பேர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவருக்கும் அந்த வாலை உயிர்தான். உயிரையும் விட்டார், இதை விடவில்லை.

பாத்திரக்காரரின் மாட்டு வண்டி வந்த அன்றுதான் கௌதள்ளி அம்மாளும் வந்தாள். ஷெட்டில் வாலையைக் குழாய் வேறு, மூடி வேறு எனக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கொல்லைக் கதவுக்கு வெளியே அதே கணீர் குரல் கேட்டது. "சாமி, தொளசி வந்திருச்சுங்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். நான் சொல்லியனுப்பியபடியே செய்திருந்தாள். கட்டுகள் தளர இருந்தன. நடுவில் கையை விட்டுப் பார்த்தேன், சூடு இல்லை, அழுகல் இல்லை. காம்பு வளைந்தது, ஒடியவில்லை. அந்த எலுமிச்சை வாசனை என் கையெல்லாம் ஏறியது. கூடத்து நிழலில் நான் பார்த்துப் பார்த்துக் காயவைத்த இலைகூட அத்தனை நேர்த்தி இல்லை.

"அம்மிணி சொன்னாப்டியே நெழல்லயே போட்டு, மழை வந்தன்னிக்கு ஊட்டுக்குள்ள கட்டிலு மேலயெல்லாம் பரப்பி வெச்சனுங்" என்றாள். "நாங்க கீழ படுத்துக்கிட்டமுங். நல்லாருக்குதுங்களா?"

அதற்குள் அத்திம்பேர் வந்துவிட்டார். கதவுக்கு இந்தப் பக்கமே நின்று, வண்டியைப் பார்த்தார், கட்டுகளைப் பார்த்தார். அவள் மனம் நோகக் கூடாது என்று அவருக்கு. குரலை ரொம்ப மெதுவாக வைத்துக்கொண்டு, "இனிமே கொண்டுவர வேண்டாம்மா. இலை சரியாக் காயலை" என்றார்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அட, அவ்வளவுதானுங்களா சாமி? அதுக்கென்னங், அடுத்த வாட்டி சருகாக் காய வெச்சே கொண்டாந்தர்றனுங்" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. உச்சந்தலை வரைக்கும் கோபம்தான் வந்தது. "காயவே வேண்டாம்! இதுதான் சரி! இப்படித்தான் இருக்கணும்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

நான் அவளைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து, "மன்னிச்சுக்குங் தாயி" என்று அவள் கட்டுகளை விட்டு இன்னும் இரண்டடி பின்னால் போய் நின்றாள்.